அறுநூற்று முப்பத்து நாலு மணி நேரம்

ஆறாயிரத்து முந்நூற்று நாற்பது வெள்ளி. கம்பெனி பக்கிரிசாமிக்குத் தர வேண்டிய பாக்கி அவ்வளவு. இரண்டு வருஷமாக வராத அந்தப் பணம் இன்று மத்தியானம் வெள்ளை உறையில் வாசலுக்கே வந்துவிட்டது. வாங்க வேண்டியவர்தான் நடுக்கூடத்தில் பெட்டிக்குள் படுத்திருந்தார்.

தாமரை புருஷனின் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டிருந்தாள். பந்தலிலிருந்து சின்னையா கூப்பிட்டார். பக்கத்து வீட்டுக்காரர், துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்ந்தவர். மொய் நோட்டு அவர் பொறுப்பு. பண்டமாரானில் அந்த வரிசை வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. சாவு வீட்டில் யார் எவ்வளவு தந்தார்கள் என்று எழுதி வைத்துக்கொண்டு, நாளைக்கு அவர்கள் வீட்டில் ஒன்று நடந்தால் அதே தொகையைக் குறையாமல் செய்துவிட வேண்டும்.

“கம்பெனிலருந்து வந்துருக்காங்கம்மா. பெரிய தொகை. நாப்பத்தோராவது வரியில எழுதிட்டேன்.”

தாமரை கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மேசையருகே கறுப்புச் சட்டையில் ஜெயந்திரன் நின்றிருந்தான். தெலுக் பங்லிமா காராங்கில் பக்கிரிசாமி பத்தொன்பது வருஷம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய கிடங்கின் சூப்பர்வைசர். கடைசி வருஷம் ராத்திரி ராத்திரியாகச் செய்த ஓவர்டைமுக்குத்தான் காசு வரவில்லை. சிறுநீரகம் கெட்டு வேலையை விட்ட பிறகும் பக்கிரிசாமி கேட்டுக்கொண்டே இருந்தார். அடுத்த மாசம், அடுத்த மாசம் என்றே பதில் வந்தது.

“பாஸ் ரொம்ப வருத்தப்பட்டாரு ஆன்டி. இதுல ஒரு கைநாட்டு மட்டும் வச்சிருங்க.” ஜெயந்திரன் ஒரு தாளை மேசையில் விரித்தான். பையிலிருந்து சின்ன மசிப்பெட்டி ஒன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தான்.

தாமரை மசிப்பெட்டியைப் பார்த்தாள். கேரித் தீவு எஸ்டேட்டில் பிறந்தவளுக்குத் தமிழ் எழுத்தும் இங்கிலீஷ் எழுத்தும் கைக்கு வந்தது நாற்பத்தாறு வயதில், கோயில் மண்டபத்து மாலை வகுப்பில். பக்கிரிசாமியும் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்துதான் கற்றார். அதற்குப் பிறகு அவருக்கு டயாலிசிஸ். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். ஒரு கையில் ஊசி, மறு கையில் பேனா. இங்கிலீஷ் வார்த்தைகளை ஜோடி ஜோடியாக நோட்டில் எழுதி அவளுக்கும் காட்டுவார். பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், குணம் வேறு என்பார். லுக் என்றால் கண்ணைக் கொண்டுபோய் வைப்பது. சீ என்றால் கண்ணில் தானாக விழுவது. கிஃப்ட், ஆசைப்பட்டுக் கொடுப்பது. டொனேஷன், பாவம் பார்த்துக் கொடுப்பது. வேஜஸுக்கு, அதாவது கூலிக்கு, மட்டும் மூன்று நாள் யோசித்தார். ‘நான் முதல்லயே கொடுத்துட்டேன், இப்ப அவங்க முறை’ என்று எழுதினார்.

தாமரை தாளைக் கையில் எடுத்தாள். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் போனாள். நாலாவது வரியில் விரல் நின்றது.

“இங்க டொனேஷன்னு போட்டிருக்கு.”

ஜெயந்திரன் எட்டிப் பார்த்தான். “ஆமா ஆன்டி. அதெல்லாம் ஒண்ணுதான் லா. காசு காசுதானே.”

“ஒண்ணுதான்னா மாத்தி எழுதுறதுல உங்களுக்கு என்ன கஷ்டம்? வேஜஸ்னு எழுதுங்க.”

“ஆபீஸ்ல அடிச்சுக் குடுத்த தாள் ஆன்டி.”

“தர்மம் பண்றவங்க ஐயாயிரம் குடுப்பாங்க, ஆறாயிரம் குடுப்பாங்க. முந்நூத்தி நாப்பது வெள்ளி சில்லறை எங்கருந்து வந்துச்சு? அறுநூத்தி முப்பத்தி நாலு மணி நேரம், மணிக்குப் பத்து வெள்ளி. கணக்கு உங்க ஆபீசுக்கே தெரிஞ்சிருக்கு.”

சின்னையா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நோட்டைப் பார்த்தார். “அப்ப அவங்க முதலாளி வீட்ல ஒண்ணுன்னா, நாம ஆறாயிரத்தைத் தூக்கிட்டுப் போவணுமா?”

“நீங்க எழுதுன நோட்டுதானண்ணே.”

பந்தலில் யாரோ சிரிப்பை அடக்கி இருமினார்கள்.

மகன் குரு அவசரமாக வந்து அவள் காதருகே குனிந்தான். மொட்டையடித்த தலையில் இன்னும் ஈரம் இருந்தது. “வாங்கிக்கங்கம்மா. பெட்டிக்கும் வேனுக்கும் நாலாயிரம் குடுக்கணும். மூணு மணிக்கு எடுத்தாகணும்.”

“நான் கடன் சொல்லிக்கிறேன்.”

“அம்மா.”

“உங்கப்பா ரெண்டு வருஷமா பிச்சையா கேட்டாரு? இன்னிக்கு நான் இதுல கைநாட்டு வச்சா, கேட்டது பிச்சைன்னு ஆயிரும்.” அவள் குரலை உயர்த்தவில்லை. உறையை ஜெயந்திரன் பக்கம் நகர்த்தினாள். “தம்பி, சாப்பிடாம போவாதீங்க. காசை மட்டும் திருப்பி எடுத்துட்டுப் போங்க.”

குரு மேசையருகிலேயே நின்றான்.

ஜெயந்திரன் கைபேசியோடு வெயிலில் போய் நின்றான். காதில் வைத்தபடி சாக்கடை ஓரமாக இப்படியும் அப்படியும் நடந்தான். அவன் உதடு அசைந்ததாகத் தெரியவில்லை. பத்து நிமிஷம் கழித்து முதுகெல்லாம் நனைந்து திரும்பி வந்தான்.

“பாஸ் என்னய்யா சொன்னாரு?” என்றார் சின்னையா.

“பாஸ் எடுக்கல அங்கிள்.”

அவன் சின்னையாவின் பேனாவை வாங்கினான். தாளில் டொனேஷன் என்ற வார்த்தையின் மேல் ஒரு கோடு போட்டான். மேலே ஓவர்டைம் வேஜஸ் என்று இங்கிலீஷில் எழுதி, ஓரத்தில் தன் கையெழுத்தையும் தேதியையும் போட்டான். பேனாவை நீட்டும்போது தாமரையைப் பார்க்கவில்லை.

“அங்கிளோட டைம் ஷீட் எல்லாத்துலயும் நான்தான் சைன் பண்ணேன் ஆன்டி. ஒரு மணி நேரம்கூடத் தப்பா எழுத மாட்டாரு.”

தாமரை மறுபடி ஒருமுறை முழுக்க வாசித்தாள். பிறகு உட்கார்ந்து, முழங்கையை மேசையில் ஊன்றி, தன் பெயரை எழுதினாள். கடைசி எழுத்துக்கு வந்ததும் கொஞ்சம் அழுத்தினாள். உறையைக் குருவிடம் கொடுத்தாள். “எண்ணிப் பாரு. பெட்டிக்காரருக்குக் குடுத்துட்டு வா.”

குரு அங்கேயே நின்று எண்ணினான். “சரியா இருக்கும்மா.”

சின்னையா அடிமட்டத்தை எடுத்து நாற்பத்தோராவது வரியை நேர்கோடாக அடித்தார். அடுத்து வந்த கிழவரிடம் இருபது வெள்ளி வாங்கி, அதே நாற்பத்தொன்று என்று புதிதாக எண் போட்டார்.

உள்ளேயிருந்து வாய்க்கரிசிக்குக் குரல் வந்தது. ஜெயந்திரன் செருப்பைக் கழற்றிவிட்டு ஆண்கள் வரிசையின் கடைசியில் போய் நின்றான். மசிப்பெட்டி மேசையில் மூடியபடியே கிடந்தது.

தாமரை தட்டிலிருந்து அரிசியை அள்ளினாள். புருஷன் முகத்தருகே குனிந்தாள். கட்டைவிரல் சுத்தமாக இருந்தது. அந்த விரலால் அரிசியை அவர் வாயில் மூன்று முறை மெதுவாகத் தள்ளினாள்.