உட்கார்ந்து பார்க்க

வெள்ளிக்கிழமை, மத்தியானம் ஒரு மணி. பிள்ளையார் கோயிலில் பூசை முடிந்திருக்கும். மூக்காயி இப்போது கட்டுக்கலைச் சந்தியைக் கடந்து ஒழுங்கையில் இறங்கிக்கொண்டிருப்பாள். யசோதா மேசை லாச்சியைத் திறந்து உள்ளே இருந்த உறையைப் பார்த்தாள். மூடினாள். மூலையில் கதிரை நின்ற இடம் வெறுமையாக இருந்தது. சீமெந்துத் தரையில் நான்கு கால்களின் தடம் வெளிறித் தெரிந்தது. காலையில் ஈரத்துணியால் துடைத்திருந்தாள். போகவில்லை.

கடையிலுள்ள எதுவும் யசோதாவுடையதல்ல. வீடு மாறுகிறவர்களும் வெளிநாடு போகிறவர்களும் பாகப்பிரிவினையில் சண்டை போட்டவர்களும் பழைய அலுமாரி, கட்டில், கண்ணாடி மேசை என்று கொண்டுவந்து வைப்பார்கள். விற்றால் அவளுக்கு ஒரு பங்கு. விற்கும்வரை இடம் கொடுப்பதும் தூசி தட்டுவதும் அவள் பாடு.

மூக்காயி கொண்டுவந்தது சாய்மனைக் கதிரை. தேக்கு மரம், பிரம்பு முதுகு. கைகளுக்கு அடியில் இரண்டு நீளமான சட்டங்கள் மடங்கியிருக்கும். வெளியே திருப்பி அவற்றின்மேல் கால்களைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம். ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டமொன்றில் அவள் துரை பங்களாவில் வேலை செய்தவள். தோட்டத்தை அரசாங்கம் எடுத்தபோது துரை ஊருக்குப் போனார். போகும்போது கதிரையை அவளை எடுத்துக்கொள்ளச் சொன்னார். தொழிலாளர் லயத்தில் அவளிருந்த ஒற்றை அறைக் காம்பிராவுக்குள் அது நுழையவில்லை. வருடக்கணக்காக வாசல் இஸ்தோப்பில் சாக்கு மூடிக் கிடந்தது. கோழி ஏறி முட்டையிட்டது. இப்போது மூக்காயி மகளோடு டவுனில் ஒரு மாடியறையில் இருக்கிறாள். படி குறுகல். மகள் விற்றுவிடச் சொன்னாள்.

"என்ன வெல போடட்டும்?" என்று யசோதா அன்று கேட்டாள்.

மூக்காயி கடையைச் சுற்றிப் பார்த்தாள். கருங்காலி அலுமாரியைக் காட்டினாள்.

"அது என்ன வெல?"

யசோதா சொன்னாள்.

"அதையே போடுங்கம்மா."

"அது கருங்காலிம்மா. தூக்க நாலு ஆளு வேணும். இது ஒரு கதிர."

"இருக்கட்டும். கொறைக்க மட்டும் வேணாம்."

யசோதா சிரித்துக்கொண்டே விலையை அட்டையில் எழுதிக் கட்டினாள். அந்த விலை எதற்கு என்று எழுதும்போதே அவளுக்குத் தெரிந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை மூக்காயி வந்தாள். சும்மா பார்த்துவிட்டுப் போக, என்றாள். அப்போது ஒரு சிங்களப் பெண் ஒவ்வொரு கதிரையாக உட்கார்ந்து எழும்பிக்கொண்டிருந்தாள். ஒன்றும் வாங்காமல் போனாள். மூக்காயி அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்காட்டியும் ஒக்காரலாமா?"

"ஒக்காந்து பாத்துத்தானே வாங்குவாங்க."

"அப்ப நானும் ஒக்காந்து பாக்கவா? வாங்க வந்தவ மாதிரி?"

"பாருங்க. வெலதான் கொஞ்சம் கூட."

மூக்காயி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். செருப்பை வாசலில் விட்டாள். முந்தானையால் கதிரையைத் துடைத்தாள். நுனியில் உட்கார்ந்தாள். துரை பங்களாவில் தினமும் துடைத்த கதிரை. உட்கார்ந்ததில்லை. லயத்திலும் உட்கார்ந்ததில்லை. ஏன் என்று யசோதா கேட்டதற்கு, "பாக்கிறவங்க என்ன சொல்லுவாங்க?" என்றாள்.

பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்தாள். திருநீறும் ஒரு வாழைப்பழமும் கொண்டுவந்து யசோதாவின் மேசையில் வைப்பாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கதிரைக்குள் பின்னால் நகர்ந்தாள். முதுகு பிரம்பைத் தொடப் பல வாரங்கள் ஆயின. போன வெள்ளிக்கிழமை, யசோதா சுவர்ப்பக்கம் திரும்பி ஒரு மேசைக்குப் பொலிஷ் போட்டுக்கொண்டிருந்தபோது, எதிரே இருந்த நிலைக்கண்ணாடியில் தெரிந்தது. மூக்காயி ஒரு சட்டத்தை மட்டும் மெதுவாக வெளியே திருப்பினாள். ஒரு காலைத் தூக்கி அதன்மேல் வைத்தாள். மற்றக் கால் தரையில் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். யசோதா திரும்பவில்லை. பொலிஷ் போட்ட இடத்திலேயே மறுபடியும் போட்டுக்கொண்டிருந்தாள்.

நேற்று ஷிராஸ் வந்தார். அக்குறணைக்காரர். பேராதனைப் பக்கம் பழைய பங்களா ஒன்றை ஹோட்டலாக்கிக்கொண்டிருக்கிறார். கதிரையைக் கண்டதும் உட்கார்ந்தார். இரண்டு சட்டங்களையும் திருப்பி இரண்டு கால்களையும் போட்டார். சப்பாத்தோடு.

"வெள்ளக்காரனுக்கு இது போதும் அக்கா. போட்டோ எடுத்தே சாவான்."

எழும்பி அட்டையைப் புரட்டினார். "இது தேக்கா, தங்கமா?" என்று சிரித்தார். பிறகு, "சரி, எடுக்கிறன்" என்றார்.

அவர் பேரம் பேசியிருந்தால் மறுத்திருக்கலாம். குறைக்க முடியாது என்று சொல்ல யசோதா தயாராக இருந்தாள்.

"யாருட கதிர இது?"

"தோட்டத்து அம்மா ஒருத்தரோட."

"அவங்ககிட்ட ஒரு வார்த்த கேக்கணுமெண்டா கேளுங்க. எனக்கு அவசரமில்ல. நாளைக்கிப் பின்னேரமும் வர ஏலும்."

கடையில் பெரிய சாமான் ஒன்று போய் வெகுநாளாகியிருந்தது. கூரை ஒழுகியது. ஆனால் அந்த நேரத்தில் அவள் கூரையை நினைக்கவில்லை. ஒன்றையும் நினைக்கவில்லை.

"விக்காமலா கடையில வைப்பாங்க?" என்றாள்.

லொறியில் ஏற்றும்போது ஒரு பக்கத்தை அவளே பிடித்துக் கொடுத்தாள்.

இரவெல்லாம் ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தாள். நீங்க சொன்ன வெலைக்கே போயிருச்சு. அதில் பொய் ஒன்றுமில்லை. சொல்லிவிட்டு உறையைக் கையில் கொடுக்க வேண்டும். மாடியறைக்கு அது சின்னப் பணமல்ல. மகள் சந்தோஷப்படுவாள்.

வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது.

மூக்காயி வந்து வாழைப்பழத்தை மேசையில் வைத்தாள். திருநீற்றுப் பொட்டலத்தை வைத்தாள். முந்தானையைக் கையில் எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனாள். நின்றாள்.

"கதிர எங்கம்மா?"

யசோதாவின் கை லாச்சிப் பிடியில் இருந்தது.

"பிரம்பு பின்னக் குடுத்திருக்கு" என்றாள்.

"நல்லாத்தானே இருந்திச்சு?"

"ஒரு எடத்துல விட்டுப்போச்சு." அது இன்னும் சுலபமாக வந்தது. பக்கத்திலிருந்த கதிரையொன்றை இழுத்துப் போட்டாள். "இதுல இருங்க."

"வேணாம். அது யாருதோ."

மூக்காயி தரையிலிருந்த தடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தன் பாதங்களைப் பார்த்தாள். பிடித்திருந்த முந்தானையைக் கீழே விட்டாள். மேசைக்கு அருகே வந்தபோது அவள் குரல் தணிந்திருந்தது.

"போன கெழம நீங்க அங்கிட்டுத் திரும்பி இருந்தப்ப, ஒரு காலத் தூக்கி வச்சேன். அதுலதான் பிஞ்சிருச்சாம்மா?"