அணைக்காத பத்து நாள்

என் தம்பிக்கு ரகசியம் காப்பாற்றத் தெரியாது. அதைவிட மோசம், எது ரகசியம் என்றே அவனுக்குத் தெரியாது. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு, ஏன் எல்லோரும் இப்படி முழிக்கிறீர்கள் என்று நம்மையே கேட்பான். செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான். மீதி நேரத்தில் பழைய வீடியோ கேம்களைத் தேடிப் பிடித்து, அவற்றைப் பற்றிப் பேசி வீடியோ எடுத்து இணையத்தில் போடுகிறான். பார்க்கிறவர்கள் நானூறு பேர். அந்த நானூறு பேரும் இவனைப் போலவே வேலை வெட்டி இல்லாதவர்கள் என்று அம்மா சொல்வாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மா வீட்டில்தான் இருந்தேன். சாப்பிட்டு முடித்திருந்தோம். அப்பா ஜன்னலோரம் நாற்காலியில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார். மூன்று மணிக்கு அவருக்கு டியூட்டி. ஒரு கிடங்கின் வாசலில் காவலாளி. அம்மா தரையில் உட்கார்ந்து, காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். தம்பி அட்டைப்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான்.

"அக்கா, கண்ணை மூடு."

"மூடினா தூங்கிடுவேன். என்னன்னு சொல்லித் தொலை."

உள்ளே பழைய கேம் மெஷின் ஒன்று இருந்தது. கூடவே ஒரு கேசட். அதன் மேல் ஒரு படம் ஒட்டியிருந்தது. தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு சுரங்கத்தில் இறங்கும் குள்ளன். நாங்கள் அவனுக்கு வைத்த பெயர் குட்டையன்.

"எத்தனை வருஷமா தேடினேன் தெரியுமா? நீ விளையாடு, நான் வீடியோ எடுக்கறேன். 'எங்களுக்குப் பிடிச்ச கேம், அதோட கதை'ன்னு போடப் போறேன்."

நான் சிரித்தேன். சிரிக்காவிட்டால் ஏன் என்று கேட்பானே. குட்டையனைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சே எடுக்கக் கூடாது என்று இருபத்திரண்டு வருடமாக ஒரு சட்டம் இருந்தது. அந்தச் சட்டத்தைப் போட்டவளும் நான்தான், அது தெரிந்தவளும் நான் ஒருத்திதான்.

ஏன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது, தம்பிக்கு ஆறு. குட்டையன் அறுபத்து நான்கு தளம் இறங்கினால் கீழே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அந்த விளையாட்டில் விட்ட இடத்தைச் சேமித்து வைக்க வழியில்லை. மெஷினை அணைத்தால் மறுபடி முதல் தளம்தான். எங்களுக்கோ ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் அனுமதி. ஒரு மணி நேரத்தில் ஏழெட்டுத் தளத்துக்கு மேல் எவனாலும் இறங்க முடியாது. தம்பி என் தோளை ஒட்டி உட்கார்ந்துகொண்டு, "அக்கா, வௌவால்! அக்கா, தண்ணி!" என்று கத்துவான். என் சின்ன வயதில் நான் முழுசாகச் சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு மணி நேரத்தில்தான். இன்றைக்கும் அதை மறுக்க மாட்டேன்.

மெஷினை அணைக்காமலே வைத்திருந்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. எங்கள் அறையில் இருந்த டிவியை மட்டும் அணைத்துவிட்டு, மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, மேலே பழைய துண்டைப் போட்டு மூடிவிடலாம். ஆனால் எங்கள் அப்பா அன்றைக்கு எலக்ட்ரீஷியன். அந்தப் பகுதியில் புது வீடு கட்டுகிறவர்கள் அவருக்காகக் காத்திருப்பார்கள். அவருக்கு ஒரு கொள்கை உண்டு: பிள்ளைகள் தூங்குகிற அறையில் பிளக்குகளில் மின்சாரம் இருக்கக் கூடாது. மின்விசிறிக்கு ஒரு லைன், பிளக்குகளுக்குத் தனி லைன் என்று இழுத்து, இரவு பத்து மணிக்குப் போர்டில் அந்தப் பிளக் லைனின் சுவிட்சை மட்டும் இறக்கிவிட்டு, காலையில் மறுபடி ஏற்றுவார். ஒரு நாள்கூட மறந்ததில்லை.

வேறு வீட்டுப் பிள்ளையாக இருந்தால் அத்தோடு விட்டிருக்கும். நான் எலக்ட்ரீஷியன் மகள். ஹாலில் அலமாரிக்குப் பின்னால் ஒரு பிளக் இருந்தது. டிவி கேபிளை எங்கள் அறைக்குள் கொண்டுவரச் சுவரில் போட்ட துளையும் பக்கத்திலேயே இருந்தது. அப்பா மிச்ச வயர்களைப் போட்டுவைக்கும் பையிலிருந்து, உள்ளே இரண்டு கம்பி ஓடும் மெல்லிய வயர் இரண்டு துண்டு எடுத்தேன். ஒன்று போதவில்லை, அதனால் இரண்டையும் இணைத்தேன். அவர் செய்வதைப் பார்த்துப் பார்த்து, தோலைச் சீவி, செம்பை முறுக்கத் தெரிந்திருந்தது. வயருக்குச் சுற்றும் கறுப்பு டேப்பைத் தொட்டால் அவருக்குத் தெரிந்துவிடும் என்று நோட்டுப் புத்தகத்துக்கு ஒட்டும் காகித டேப்பைச் சுற்றினேன். அந்த இணைப்பு தம்பியின் பஞ்சு மெத்தைக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தது.

பத்து நாள் ஓடியது. ஐம்பத்தேழாவது தளம் வரை இறங்கிவிட்டோம். பதினோராம் நாள் காலை நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது மெத்தை பற்றிக்கொண்டது. காய்ச்சலோடு படுத்திருந்த தம்பியை அம்மாதான் வெளியே இழுத்துப் போட்டாள். அவள் இடது கையின் மூன்று விரல்கள் அன்றிலிருந்து மடங்குவதில்லை. நான் வந்து பார்த்தபோது அறை கரிக்கட்டையாக இருந்தது. கேட்டுக்கொள்ளுங்கள், எனக்கு முதலில் வந்த நினைப்பு தம்பியைப் பற்றியது அல்ல, ஐம்பத்தேழாவது தளத்தைப் பற்றியது. இரண்டாவதாக வந்தது பயம். ஹாலில் கூட்டம் நின்றிருந்தபோதே, அலமாரிக்குப் பின்னால் கை விட்டு, பிளக்கைப் பிடுங்கி, மிச்ச வயரை உருவி, பள்ளிப் பைக்குள் திணித்தேன். தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்து அழுதேன். எல்லோரும் என்னைத்தான் சமாதானப்படுத்தினார்கள்.

எரிந்த சுவரில் அப்பா வைத்த பிளக் பெட்டி இருந்தது. அவர் அதன் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "என் வேலைதான்" என்றார். வேறு யாரும் சொல்லவில்லை, அவரே சொன்னார். அடுத்த மாதம் கருவிகளையெல்லாம் விற்றுவிட்டு, கிடங்கு வாசலில் போய் நின்றார். அம்மாவுக்குக் கோபம் வரும்போதெல்லாம், "ஊருக்கெல்லாம் விளக்குப் போட்டாரு, வீட்டுக்குத் தீ வெச்சாரு" என்பாள். ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். ஒரு தடவையாவது என் வாய் திறந்ததா என்றால், இல்லை.

இப்போது தம்பி மெஷினை டிவியில் மாட்டிவிட்டு, போனை என் முகத்துக்கு நேரே பிடித்தான்.

"நண்பர்களே, இதுதான் எங்க அக்கா. இந்தக் கேமை இவங்க எப்படி விளையாடினாங்கன்னு கேட்டா அசந்துடுவீங்க. பத்து நாள்! ராத்திரி பகல் ஒரு செகண்ட்கூட மெஷினை ஆஃப் பண்ணலை!"

"டேய், போதும்டா. கேமைக் காட்டு."

"இரு அக்கா. கட்டிலுக்கு அடியில துண்டைப் போட்டு மூடி வெச்சிருப்போம். எனக்கு இருட்டுன்னா பயம். அந்தத் துண்டுக்குள்ள சின்னதா ஒரு சிவப்பு லைட்டு எரியும். அதைப் பாத்துக்கிட்டே தூங்கிடுவேன். இப்ப நினைச்சாலும் நல்லா இருக்கு."

செய்தித்தாள் மெல்லக் கீழே இறங்கியது.

"ராத்திரியுமா எரியும்?" என்றார் அப்பா.

"விடியுற வரைக்கும்பா."

"பத்து மணிக்கு மேல எப்படிடா எரியும்? உங்க ரூம் பிளக் லைனை நான் இறக்கிடுவேனே."

தம்பி போனைப் பிடித்தபடியே யோசித்தான். "பேட்டரியா இருக்குமோ?"

"அந்த மெஷினுக்கு ஏதுடா பேட்டரி?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுப்பெல்லாம் இல்லை, நெஞ்சு நின்றேவிட்டது. நான் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். டாக்டர் எழுதியது புரியாவிட்டால்கூட முகத்தில் காட்டாமல் நிற்கத் தெரியும். அன்றைக்கும் நின்றிருக்கலாம். நீ தூக்கத்தில் கனவு கண்டிருப்பாய் என்று தம்பியைக் கிண்டல் செய்திருந்தால் எல்லோரும் சிரித்திருப்பார்கள், கதை முடிந்திருக்கும். அந்தப் பொய் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் அப்பாவின் விரல்கள் முட்டியின் மேல் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தன. இல்லாத ஒரு வயரைத் தடவிக்கொண்டே போய், எங்கே அறுந்திருக்கிறது என்று தேடுவதுபோல் இருந்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"ஹால்ல இருந்து இழுத்தேன்பா" என்றேன். "அலமாரிக்குப் பின்னாடி பிளக்குல இருந்து. கேபிள் ஓட்டை வழியா."

தம்பி போனை அணைத்தான். அம்மாவின் மடியிலிருந்த சட்டை பாதி மடிந்தபடியே நின்றது.

"என்ன வயரு?" என்றார் அப்பா.

"உங்க பையில கிடந்த மெல்லிசு வயரு. ரெண்டு துண்டு."

"எப்படி சேத்த?"

"நீங்க முறுக்குற மாதிரிதான் முறுக்கினேன்."

"மேல என்ன சுத்தின?"

"காகித டேப்பு."

"ரெண்டு ஜாயின்ட்டும் ஒரே இடத்துலயா? பக்கத்துல பக்கத்துல?"

"ஆமாப்பா."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "தள்ளிப் போடணும். ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. டேப்பு நழுவினாலும் ஒண்ணோட ஒண்ணு உரசாது." யாருக்கோ தொழில் சொல்லிக்கொடுக்கிற குரலில் சொன்னார். பிறகு, "மெத்தைக்குப் பக்கத்துல கிடந்துச்சா?" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

"அந்தப் பெட்டிக்குள்ள ஒவ்வொரு ஸ்க்ரூவையும் மனசுக்குள்ள இத்தனை வருஷமா கழட்டிக் கழட்டிப் பாத்துட்டேன். தப்பே கிடைக்கலை. தன் தப்பையே கண்டுபிடிக்கத் தெரியாதவன் இந்த வேலையைத் தொடக் கூடாதுன்னுதான் விட்டேன்."

அம்மா எழுந்து நின்றாள். என்னை அடிக்க வருகிறாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அப்பாவின் அருகில் போய், நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னென்ன பேச்சுப் பேசிட்டேன் உங்களை. என் வாயில புழுதான் விழும்" என்று விம்மினாள். அவர் அவளைத் தள்ளவும் இல்லை, தேற்றவும் இல்லை.

தம்பிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "அப்பா, அக்கா அப்ப சின்னப் பிள்ளைப்பா. பன்னெண்டு வயசு. அவளுக்கு என்ன தெரியும்?"

"பன்னெண்டு வயசுல பண்ணினதுக்கு நான் ஒண்ணும் சொல்லலைடா" என்றார் அப்பா. அப்போதுதான் முதல் தடவையாக என்னைப் பார்த்தார். "இருபது வயசுல எங்க போயிருந்த பாப்பா? முப்பது வயசுல?"

முதல் வருடம் பயந்தேன். அப்புறம் தேர்வு முடியட்டும் என்றேன், வேலை கிடைக்கட்டும் என்றேன், கல்யாணம் முடியட்டும் என்றேன். அதற்குப் பிறகு சொல்ல வேண்டும் என்ற நினைப்பே வருவதில்லை. இதையெல்லாம் அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? தலையைக் குனிந்துகொண்டேன்.

"நீ வீடு மாறின அன்னிக்கு ஒரு லைட்டு எரியலை, ஞாபகம் இருக்கா?" என்றார். "ஹோல்டர்ல ஒரு கம்பி லூசா இருந்துச்சு, கீழ இருந்து பாத்தாலே தெரியும். கரன்ட் வேலையில கையை வெச்சு இருபது வருஷம் ஆச்சு, மக வீடுதானேன்னு ஸ்டூலைப் போட்டு ஏறினேன். நீ ஓடி வந்து, 'அப்பா, நீங்க தொடாதீங்க, இறங்குங்க, ஆள் வரச் சொல்லியிருக்கேன்'னு சொன்ன. உன் வீட்டுக்காரர், அவங்க அம்மா எல்லாரும் நின்னுக்கிட்டு இருந்தாங்க. நான் இறங்கிட்டேன்."

எனக்கு ஞாபகம் இருந்தது.

"என் மேல தப்பு இல்லைன்னு இந்த உலகத்துல தெரிஞ்ச ஒரே ஆளு நீ. நீ எதுக்கும்மா இறங்கச் சொன்ன?"

ஏதாவது நல்ல பதிலாகத் தேடினேன். விழுந்துவிடுவீர்களோ என்று பயந்தேன், வயதாகிவிட்டதே என்று நினைத்தேன், இப்படி எவ்வளவோ சொல்லலாம். ஆனால் அன்றைக்குப் பொய்க்கு இடம் இல்லாமல் போயிருந்தது. அந்த ஸ்டூலின் பக்கத்தில் நின்றபோது என் மனதில் இருந்தது என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"பயமா இருந்துச்சுப்பா" என்றேன். "நீங்க தொட்டா வீடு எரிஞ்சுடுமோன்னு நிஜமாவே பயமா இருந்துச்சு."