துத்தம் பட்ட இலைகள்

ஜெனிபர் அதை நவம்பரிலேயே சொல்லிவிட்டாள். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் பாதிக் கதையில் நான் என்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்ப்பேன்.

என் பெயர் அனிதா மேரி. கோயம்புத்தூரில் எம்.இ. செயற்கை நுண்ணறிவு படித்தேன். அப்பா சின்னமனூர் வாழைக்காய் மண்டியில் தார் சுமக்கிறவர். வீட்டில் எனக்கு முன்னால் பத்தாவதைத் தாண்டியவர் கிடையாது. முதல் வருடக் கடைசியிலேயே புராஜெக்ட் தலைப்புக் கேட்டபோது, ஒருத்தன் மாமா கம்பெனியில் டேட்டா இருக்கிறது என்றான். ஒருத்தி அப்பா மருத்துவமனையில் ஸ்கேன் படங்கள் இருக்கின்றன என்றாள். "உன்கிட்ட என்னம்மா இருக்கு?" என்று கைடு ஹேமாவதி மேடம் கேட்டார். "எங்க ஊர்ல திராட்சை இருக்கு மேடம்" என்றேன் கோபத்தில். அதுவே தலைப்பாகிவிட்டது. இலையைப் போனில் படம் எடுத்தால் அடிச்சாம்பல் நோய் இருக்கிறதா இல்லையா என்று சொல்லும் ஆப்.

கம்ப்யூட்டருக்கு எதையும் படங்களைக் காட்டித்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் வேண்டும். ஒவ்வொரு படத்திலும் இது நல்ல இலை, இது நோய் இலை என்று தெரிந்தவர் யாராவது குறித்துத் தர வேண்டும். எனக்கு அப்படித் தெரிந்த ஒரே ஆள் ஜெனிபர். பத்தாவது வரை ஒரே பெஞ்சு. அதோடு படிப்பை நிறுத்தி, வின்சென்டைக் கட்டி, மருந்தடிக்கவும் கவாத்து வெட்டவும் கூலிக்குப் போய், கடைசியில் முக்கால் ஏக்கர் பன்னீர் திராட்சைப் பந்தலைக் குத்தகைக்குப் பிடித்திருந்தார்கள். அது அவர்களுக்கு முதல் வருடம்.

நாலாயிரத்து இருநூறு படங்கள். அத்தனையையும் ஜெனிபர் தன் போனிலேயே பார்த்துக் குறித்துத் தந்தாள். உலை கொதிக்கும்போது கொஞ்சம், மோட்டாருக்குக் கரண்ட் வரக் காத்திருக்கும்போது கொஞ்சம். அதற்கு நான் ஒரு சுடிதார் எடுத்துக் கொடுத்தேன்.

நல்ல இலைப் படங்களை ஏப்ரலில் எடுத்திருந்தேன். காய்ந்த காலம், யாரும் மருந்தடிக்கவில்லை, இலை சுத்தமாக இருந்தது. நோய் இலைகளுக்கு மழைக்காலம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நான் லீவு கிடைத்து ஊருக்கு வருவதற்குள் எல்லாரும் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடித்துவிட்டார்கள். அந்த மருந்து காய்ந்தால் இலையில் நீலமும் வெள்ளையுமாகப் பொட்டுப் பொட்டாக நிற்கும். நான் அப்படியே எடுத்தேன்.

நவம்பரில் ஒரு நாள் பந்தலுக்கடியில் உட்கார்ந்து மிச்சப் படங்களைக் குறித்துக்கொண்டிருந்தாள்.

"ஏடி, ஒண்ணு கேக்கவா? திட்டக் கூடாது."

"கேளு."

"நல்ல இலையெல்லாம் கழுவி வச்ச மாதிரி இருக்கு. நோய் இலையில பூராம் துத்தம் அப்பிக் கெடக்கு. உன் கம்ப்யூட்டரு நோயைப் பாக்குமா, மருந்தைப் பாக்குமா?"

இதைத்தான் இரண்டாவது செமஸ்டரில் படித்தேன். பதிமூன்று மார்க் கேள்விக்கு இரண்டரைப் பக்கம் எழுதியிருக்கிறேன், படத்தோடு. அதைப் பந்தலுக்கடியில் இவள் கேட்டதும் எனக்கு ஏன் அப்படிச் சுருக்கென்றது என்று இப்போது தெரிகிறது. இவள் கேட்டால் நான் படித்ததற்கு என்ன மரியாதை?

"அதெல்லாம் அப்படிக் குழம்பாதுடி. நீ குறிச்சு மட்டும் குடு. உனக்கு இது புரியாது."

"சரிங்க டீச்சர்" என்று சிரித்தாள். அடுத்த படத்துக்கு நகர வேண்டிய விரல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

டிசம்பரில் ஆப் தொண்ணூற்று நான்கு சதவீதம் சரியாகச் சொன்னது. லேபில் கைதட்டினார்கள். ஊருக்கு வந்து ஜெனிபரின் போனில் ஆப்பை ஏற்றிக் கொடுத்தேன். மறந்திருப்பாள் என்று நினைத்தேன்.

"நான் அன்னைக்குச் சொன்னேனே, அதைப் பாத்தியா?"

"அதையெல்லாம் சரி பண்ணியாச்சு" என்றேன்.

எதையும் பார்க்கவில்லை. மறுநாள் ரிவ்யூ. பேச்சை முடிக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அந்த மூன்று வார்த்தை சொல்ல மூன்று நொடி ஆகியிருக்குமா?

அவளுடைய பந்தலிலேயே கள ஆய்வு வைத்தேன். தினமும் பத்து இலை. மூன்று வாரமும் ஆப்பில் பச்சை விளக்கு, மூன்று வாரமும் இலை நிஜமாகவே நன்றாக இருந்தது. அதை அறிக்கையில் அட்டவணையாகப் போட்டு, அடியில் அவளிடம் கையெழுத்தும் வாங்கினேன். நோய் வராதபோது மருந்து எதற்கு, ஆப் சொன்னால் மட்டும் அடியுங்கள் என்பதுதான் அறிக்கையின் முதல் பக்கமே. ஜெனிபர் அதன்படி நடந்தாள். எங்கள் பள்ளத்தாக்கில் என் அறிக்கையை நம்பி நடந்த முதல் ஆள் அவள்.

பொங்கல் முடிந்து மூன்று நாள் விடாத மழை. மழை விட்டதும் பனி. ஜெனிபரின் கொடியெல்லாம் பூவில் நின்றது. நான் கோயம்புத்தூரில் இருந்தேன். ஜெனிபர் தினமும் ஆப்பின் பச்சைத் திரையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். நான் பதிலுக்குக் கட்டைவிரல் போடுவேன். ஜனவரி கடைசியில் கூப்பிட்டாள்.

"பூ கருகுதுடி" என்றாள். 

தேனியில் இறங்கி அடுத்த பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது வின்சென்ட் பந்தல் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தான். கம்பி சரியாகத்தான் இருந்தது. என்னைப் பார்க்காமல் இருப்பதற்கு அவனுக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. இலையைத் திருப்பினேன். அடியில் மாவு பூசியது போல வெள்ளை. பூங்கொத்துகள் காப்பித்தூள் நிறத்தில் சுருண்டிருந்தன. தொட்டால் உதிர்ந்தன. அந்த இலையை அங்கேயே படம் எடுத்தேன். நல்ல இலை என்றது ஆப். தொண்ணூற்று ஏழு சதவீத உறுதியோடு.

லேபுக்குத் திரும்பியதும் நவம்பரில் செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். இலையில் எந்த இடத்தைப் பார்த்து கம்ப்யூட்டர் முடிவெடுக்கிறது என்று சிவப்பாகக் காட்டும் முறை ஒன்று இருக்கிறது. இருபது வரி எழுதினால் போதும். நோய் இலைகளில் சிவப்பு எங்கே விழுந்தது? துத்தப் பொட்டுகளின்மேல். நோய்த்திட்டை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நீலம் இருந்தால் நோய், நீலம் இல்லையென்றால் நல்லது. இரண்டு வருடம் படித்து நான் செய்த அறிவு அவ்வளவுதான். ஜெனிபரின் இலையில் நீலம் இல்லை. அடிக்க வேண்டாமென்று சொன்னது நான்தானே.

எல்லார்மேலும் கோபம் வந்தது. மூன்று ரிவ்யூவில் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவர்கூட ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தவரில்லை. எத்தனை சதவீதம் என்று மட்டும் கேட்டார்கள். மேடம் எழுத்துப்பிழை திருத்தினார். இந்தக் கோபத்தை ஒரு மாதம் வைத்துக்கொண்டிருந்தேன். அது எனக்கு வசதியாக இருந்தது.

படங்களை மறுபடி எடுக்க ஒரு மழைக்காலம் வேண்டும். படிப்பு ஒரு செமஸ்டர் தள்ளிப்போகும். பெங்களூரில் வேலைக்கு உத்தரவு வந்திருந்தது. சிவப்புப் படங்களை வேறு ஃபோல்டரில் போட்டு மூடினேன்.

மே மாதம் வைவா. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் வயதானவர், நிதானமாகப் படித்திருந்தார். "கள ஆய்வு நடந்தப்ப அந்தத் தோட்டத்துல நோய் வந்துச்சாம்மா?"

"அந்த மூணு வாரத்துல வரல சார்."

பொய் இல்லை. அதனால்தான் அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது. அவர் தலையாட்டி அடுத்த பக்கத்தைத் திருப்பினார். நான் பாஸானேன், சிறப்புத் தகுதியோடு.

ஜூன் முதல் வாரம், பெங்களூர் போவதற்கு முன் ஜெனிபரிடம் போனேன். பந்தலை மறுபடி கவாத்து வெட்டி விட்டிருந்தார்கள். புதுத்துளிர் வந்திருந்தது, எல்லா இலையிலும் துத்தம். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சரி பண்ணியாச்சு என்று சொன்னது பொய் என்பதையும், வைவாவையும்.

அவள் கை வேலையை நிறுத்தவில்லை.

"தெரியும்டி."

"எது?"

"மழை விட்டு நாலாம் நாளே பாத்துட்டேன். இலை மேல எண்ணெய் சிந்துன மாதிரி மஞ்சப் பொட்டு. ஆறு வருசம் கூலிக்கு மருந்தடிச்சவளுக்குத் தெரியாதா? இவுக அன்னைக்கே அடிச்சிருவோம்னு சொன்னாக. நான்தான், இருங்க, அனிதா எம்.இ. படிக்கிறா, நம்மளை விட அவளுக்குத் தெரியும்னு நிறுத்துனேன்." கொடியைக் கம்பியில் சேர்த்துக் கட்டினாள். "என் கண்ணு பாத்துச்சு. நான் நம்பல."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"இப்ப வந்து எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? எனக்குத்தான் தெரியுமே. ஒச்சாண்டி அண்ணனுக்கும் இன்னாசியம்மா மதினிக்கும் உன் ஆப்பை மார்கழியிலயே பெருமையா அனுப்பிவிட்டேன். பொங்கல் மழைக்கு முன்னாடியே பழத்தை வெட்டிட்டாக, அப்பத் தப்பிச்சாக. இப்ப ரெண்டு பேருக்கும் கொடி பூவுல நிக்குது, சாரலும் ஆரம்பிச்சிருச்சு. நம்பாதீகன்னு நானும் சொல்லிப் பாத்தேன். உனக்கு ஆப்பை ஓட்டத் தெரிஞ்சிருக்காதுங்கிறாக. நீ போய்ச் சொல்லு. படிச்சவ சொன்னாத்தான ஏறும்."

இன்னாசியம்மாள் வீடு பூட்டிக் கிடந்தது. ஒச்சாண்டி அண்ணனின் பந்தல் வாய்க்கால் தாண்டி. என்னைக் கண்டதும் கையில் போனோடு குனிந்து வெளியே வந்தார்.

"வாத்தா. இப்பத்தான் பாத்தேன், நல்லாருக்குன்னு வருது. பாஸாயிட்டியாமே, உங்கப்பன் மண்டி பூராம் மிட்டாய் குடுத்தானாம்."

நான் கையை உயர்த்தி ஓர் இலையைத் திருப்பினேன். வெள்ளை இன்னும் இல்லை. மேலே மட்டும் இரண்டு மஞ்சள் பொட்டு, எண்ணெய் சிந்தியது போல.

"அண்ணே, அது தப்பாச் சொல்லும். இன்னைக்கே மருந்தடிச்சிருங்க."

"கெட்டுப்போச்சா?"

"முதல்லருந்தே அப்படித்தான். எனக்கு ஜனவரியிலயே தெரியும்."

அவர் போனைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

"அப்பறம் எப்படித்தா உன்னைப் பாஸாக்குனாக?"

"அவுககிட்ட நான் சொல்லலண்ணே."

 அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "கருத்தம்மா, துத்தத்தை ஊறப்போடு." என்னை உட்காரச் சொல்லவில்லை.

நான் இன்னாசியம்மாள் வீட்டுக்குத் திரும்பி நடந்தேன். அவர் வரும்வரை வாசலில் நிற்க வேண்டும்.