கண்டம் ஷெட்

பாலக்கரையில் விடிகாலை நாலே முக்கால் பஸ்ஸைப் பிடித்தால், ஐந்தரைக்கெல்லாம் செல்வமேரியின் கையில் ஸ்க்ரூடிரைவர் இருக்கும். பல்கலைக்கழக விடுதிக்குப் பின்னால் உள்ள தகர ஷெட்டில் ஒப்பந்தத் தொழிலாளர் பதினோரு பேருக்கு வேலை. எட்டு மணிக்குள் முடித்துக் கதவைப் பூட்டியாக வேண்டும். ஏன் என்று கேட்டால், "வெயில் வந்துடும்ல" என்பார் ஒப்பந்தக்காரர் தைரியராஜ். நடுமதியத்தில் தோட்டத்தில் களை பிடுங்க விடும்போது மட்டும் அவருக்கு இந்தக் கருணை வராது.

கழித்துக்கட்டிய சாமானை ஆபீஸ்காரர்கள் 'கண்டெம்ன்ட்' என்பார்கள். தொழிலாளர் வாயில் அது கண்டமாகிவிட்டது. கண்டம் கம்ப்யூட்டர், கண்டம் பிரிண்டர், கண்டம் ஷெட். ஜோசியக்காரன் உயிருக்கு ஆபத்து என்று சொல்கிறானே, அதுவும் கண்டம்தான்.

மூடியைக் கழற்று, பச்சைப் பலகையைப் பிடுங்கு, செம்புக் கம்பியை உரி. தூசி தொண்டையில் படிந்து எச்சில் கறுப்பாக வரும். இதில் பாதிப் பெட்டிகள் பிளக்கைச் செருகினால் இன்றைக்கும் ஓடும். புதுசு வாங்குவதற்காகவே பழசுக்குக் கண்டம் எழுதுகிறார்களோ என்று செல்வமேரிக்கு வெகு நாளாகச் சந்தேகம்.

அன்றைக்கு யு.பி.எஸ். பேட்டரிகளைக் கவிழ்த்து ஆசிட்டை வடித்துக்கொண்டிருந்தான் காத்தமுத்து. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கேட்டு நாலு மாதமாகிறது. கை வழுக்க, பேட்டரி தரையில் மோதி ஆசிட் தெறித்தது.

"ஐயோ, கண்ணு!"

செல்வமேரி குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றினாள். இடது கண் வெந்துபோயிருந்தது. தைரியராஜ் தன் சொந்தக் காரிலேயே அவனைத் தில்லை நகர் கிளினிக்குக்குக் கொண்டுபோனார். எல்லோரும் மெச்சினார்கள். செல்வமேரிக்கு மட்டும் நெருடியது. மாதாமாதம் சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ.க்குப் பிடிக்கிறார்களே, அந்த ஆஸ்பத்திரிக்கு ஏன் போகவில்லை?

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தவளைத் தைரியராஜ் ஓரமாக அழைத்தார். கையில் ஒரு தாள். வீட்டுக் கக்கூஸைக் கழுவும்போது காத்தமுத்துவுக்கு ஆசிட் தெறித்தது, இதை நான் அறிவேன் என்று அதில் எழுதியிருந்தது.

"சாட்சிக்கு ஒரு கையெழுத்து மேரி. நீ நம்ம பங்கு ஆளு. உனக்கு வேலை வாங்கிக் குடுத்ததே நான்தான்."

"ஷெட்லதானே அண்ணே தெறிச்சுது?"

"ஷெட்ல என்ன இருக்கு? ஒண்ணுமே இல்லையே." சிரித்தார். "பத்து நாளுக்குள்ள ஆபரேஷன் பண்ணலைன்னா பார்வை போயிடுமாம். நீ போட்டுக் குடு, செலவை நான் பார்த்துக்கறேன்."

கையெழுத்தை வாங்கிக்கொண்டு கையை விரித்துவிட்டால்? போடாமல் இருந்து அந்தக் கண் போய்விட்டால்? "படிச்சிட்டுத் தர்றேன்" என்று தாளை வாங்கி மடித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை அவளுக்கு முன்பே சேதி ஷெட்டுக்கு வந்திருந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் குமுதவல்லி, "என்னக்கா, கோயில் வாசல்ல பேச்சு பலமா இருந்துச்சாமே?" என்றாள். டீ குடிக்கையில் செல்வமேரி பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. சேதி சொன்னது யார் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள் செல்வமேரி. அவர்களும் அவளை அப்படித்தான் பார்த்தார்கள்.

அந்த நேரம் பார்த்து ஸ்டோர்ஸ் பிரிவு கிளார்க் சுப்ரஜா வந்து நின்றாள். ஆபீஸ்காரி இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே அதிசயம்.

"கையெழுத்து கேட்டாராமே. போட்டுடாதீங்கோ."

"உங்களை யாரு அனுப்புனது?"

சுப்ரஜாவின் முகம் சுண்டியது. "யாரும் அனுப்பலை. புதுசு விக்கற கம்பெனியே பழசை முழுசா எடுத்துண்டு போய், விஷம் வெளில போகாம பிரிக்கணும்னு ஆர்டர்லயே எழுதியிருக்கோம். மார்ச்லயே எல்லாம் கம்பெனிக்குப் போயாச்சுன்னு தைரியராஜ் ரசீது குடுத்துட்டார். ஷெட் காலின்னு ரிஜிஸ்டர்ல எழுதினது நான்தான். வந்துகூடப் பார்க்கலை." தலையைக் குனிந்துகொண்டாள். "நாளைக்கு விடியகாலம் இதையெல்லாம் அள்ளிண்டு போக லாரி வரப்போறது."

அவளை நம்பலாமா என்று செல்வமேரிக்குத் தெரியவில்லை. ஆனால் சொன்னது பொருந்தி வந்தது. ஈ.எஸ்.ஐ.யில் விபத்து எங்கே நடந்தது என்று கேட்பார்கள். ஷெட் என்று எழுதினால் பேட்டரி இருந்ததை ஒத்துக்கொள்ள வேண்டும். காகிதத்தில் இல்லாத பேட்டரி காத்தமுத்துவின் கண்ணை எப்படிச் சுடும்? அட பாவிகளா என்று வாய்விட்டே சொன்னாள்.

தைரியராஜ் தந்த தாளை எடுத்து எல்லோருக்கும் நடுவில் விரித்தாள்.

"கையெழுத்து இருக்கான்னு நீங்களே பார்த்துக்குங்க."

குமுதவல்லி குனிந்து பார்த்தாள். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தாள். பிறகுதான் உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள்.

மறுநாள் விடியலில் அனீஸ் ஓட்டிவந்த மினி லாரி ஷெட் வாசலில் நின்றது. பத்துப் பேரும் கதவை மறித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன இது? எந்திரிச்சு சாமானை ஏத்துங்க" என்றார் தைரியராஜ்.

செல்வமேரி எழுந்து முன்னால் வந்தாள். "எந்த சாமானண்ணே? ஷெட்லதான் ஒண்ணுமே இல்லைன்னீங்களே?"

அவர் முகம் கறுத்தது. "நாளைக்கே வேற பத்துப் பேரைக் கூட்டியாருவேன்."

"கூட்டியாங்க. அவங்களுக்கும் கண்ணு இருக்கு."

"என்னதான் வேணும்?"

"ஷெட்ல நடந்த விபத்துன்னு ரிப்போர்ட் எழுதுங்க. இன்னைக்கே காத்தமுத்துவை ஈ.எஸ்.ஐ.க்குக் கூட்டிட்டுப் போங்க. பதிவாளர் வந்து உள்ளே இருக்கறதைப் பார்க்கட்டும். அதுவரைக்கும் ஒரு ஆணிகூட வெளியே போகாது."

"வண்டியை உள்ளே விடுறா!" என்று கத்தினார்.

அனீஸ் கீழே உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தான். "இவங்க மேலயா முதலாளி?" என்று கேட்டுவிட்டு இஞ்சினை அணைத்தான்.

சுப்ரஜா ரிஜிஸ்டரோடு பதிவாளர் வீட்டுக்குப் போவதாகச் சொல்லியிருந்தாள். போனாளா, அப்படியே நழுவிவிட்டாளா, அது இன்னும் தெரியவில்லை. வரப்போவது பதிவாளரா போலீசா என்பதும் தெரியவில்லை.

தைரியராஜ் குரலைத் தாழ்த்தினார். "மேரி, உன்னை நம்ம ஆளுன்னு நெனச்சேனே."

செல்வமேரி வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து குமுதவல்லியின் குரல் வந்தது.

"அக்கா எங்க ஆளு."

சொல்லிவிட்டுச் சற்று நகர்ந்து, தன் பக்கத்தில் இடம் விட்டாள்.