மஞ்சள் நீரில் ஊறிய செருப்பு

ஆவணி பிறந்தும் கச்சான் அடங்கவில்லை. மேற்கிலிருந்து எழுந்த அவ்வெங்காற்று பற்றைக் காடுகளைக் கருக்கி, குளங்களின் அடிமண்ணை வெடிப்புறச் செய்து, திருகோணமலைத் துறைமுக நீரின்மேல் பனிப்புகார்போலப் புழுதியைப் படியவைத்துச் சென்றது. உச்சிப்பொழுதில் பறவையும் குரலெடுக்கவில்லை. நாவறண்ட நிலம் ஒரு துளி அருளை வேண்டி வானை நோக்கிக் கிடந்தது.

அத்தகைய நண்பகலொன்றில், பாலையூற்றில் செருப்புத் தைக்கும் ஜெஸ்மினின் பட்டறை வாசலில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. சல்லி என்னும் கரையோர ஊரிலிருந்து வள்ளியம்மாவும் மகள் துஷாந்தியும் வந்திருந்தனர். வள்ளியம்மா நீட்டிய பைக்குள் புதுச் செருப்புகள் ஊறிப் பருத்து, இளநீர் வழுக்கைபோல் நழுவின.

"என்னம்மா இது? மெழுகு பூசுமட்டும் தண்ணி படக்கூடாது எண்டு சொன்னனானெல்லோ?"

"இது தண்ணியில்லைப் பிள்ளை, மஞ்சள் தீர்த்தம். உங்கட பட்டறையில மாட்டுத் தோலோட கிடந்த சாமான் எண்டு மனம் கேக்கேல்லை. தீட்டுப் போக ஊறப்போட்டனான்."

"மாடே இல்லாத செருப்புக்குத் துடக்குக் கழிச்சிருக்கிறா," என்றாள் துஷாந்தி. "இனித் தேத்தண்ணிக்கும் கழிப்பா!"

ஜெஸ்மின் சிரிக்கவில்லை. சீனி கரைத்த தேநீரில், கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் வாரக்கணக்கில் நெய்த தோல் அது. அளவு பார்ப்பதற்கென்றே மெழுகிடாமல் கொடுத்திருந்தாள்; நீரில் ஊறியபின் இனி அது உதவாது.

நீரிழிவால் வள்ளியம்மாவின் இடப்பாதத்தில் வந்த புண் அண்மையில்தான் மூடியிருந்தது. ரப்பர் பட்டால் அவ்விடம் உரியும். விலங்கின் தோலையோ நேர்த்திக்கடன் நடையில் அவள் அணியமாட்டாள். வெருகல் முருகனிடம் நடந்து செல்லும் கூட்டம் மறுநாள் விடியலில் புறப்படுகிறது.

"புண் திரும்பினால் காலை எடுக்கவேண்டி வரும் எண்டெல்லோ டொக்டர் சொன்னவர்? அடுத்த வருசம் போங்கோவன்," என்றாள் ஜெஸ்மின்.

"ஏலாது. கடலில காணாமல்போன மகன் வந்தால் நடந்து வாறன் எண்டு முருகனிட்டச் சொன்னனான். அவன் வந்திட்டான். செருப்பில்லாட்டில் வெறுங்காலோட போவன்."

அலுமாரியில் மெழுகேற்றிய தோல் ஒன்று இருந்தது. பழுதின்றி விளைந்தது அது ஒன்றே. அதனை முழுதாகக் காணக் கொழும்பிலிருந்து ஒரு செருப்புத் தொழிற்சாலையினர் மறுநாள் வருகின்றனர். வெட்டிவிட்டால் காட்ட ஏதுமில்லை. இன்னொன்று விளையும்வரை அவர்கள் காத்திருப்பர் என்பதற்கும் உறுதியில்லை.

ஜெஸ்மின் கத்தியை எடுத்தாள், வைத்தாள். வள்ளியம்மாவின் பாதத்தை நோக்கினாள். புண் ஆறிய இடம் வெங்காயச் சருகுபோல் மெலிந்து சிவந்திருந்தது. அலுமாரியிலிருந்த தோலை எடுத்துத் தரையில் விரித்தாள்.

"காலை இதில வையுங்கோ அம்மா."

கத்தி இறங்கியது. ஊசி தவறிய இடத்தில் இத்தோல் கிழிந்துவிடும். மீளத் தைக்க முடியாது. ஒவ்வொரு துளைக்கும் ஜெஸ்மின் மூச்சை அடக்கிக்கொண்டாள். கடைசி வார் இறுகியபோது வெயில் சாய்ந்திருந்தது. வள்ளியம்மா வாசல்வரை நடந்து திரும்பினாள்.

"உரசேல்லை," என்றாள்.

பள்ளிவாசலில் பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு ஒலித்தது. ஜெஸ்மின் வெட்டுத்துண்டுகளை ஒதுக்கி, கைகால் கழுவி வந்து பாயை விரித்தாள். புறப்படலாமென்று வாயெடுத்த துஷாந்தியை வள்ளியம்மா கையமர்த்தினாள். செருப்பைக் கழற்றிவிட்டு, முந்தானையைப் போர்த்திக்கொண்டு, தொழுகை முடியும்வரை சுவரோரம் அசையாது நின்றாள்.

ஜெஸ்மின் எழுந்ததும் வள்ளியம்மா அவள் தலையில் கை வைத்தாள்.

"உன்ர கை விளங்கவேணும், மகள். நீ தொட்டதெல்லாம் துலங்கவேணும்."