விருந்தாளி வேஷம்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் எனக்கு வேலை. கற்றுக்கொள்பவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பார், பக்கத்து இருக்கையில் நான் இருப்பேன். என் காலடியில் இன்னொரு பிரேக் உண்டு. எதிரே சைக்கிள் வருவதைப் பார்த்து அவர் கைகால் உதற உட்கார்ந்திருந்தால் நான் ஒரு மிதி மிதிப்பேன், வண்டி நின்றுவிடும். அதட்டியே பழகிய பெரிய பெரிய அதிகாரிகள்கூட அதற்கப்புறம் "சாரி மேடம்" என்று வழிவார்கள். இந்த வசதி என் மாமியார் வீட்டில் மட்டும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமையானால் எல்லாரும் மாமியார் வீட்டில் கூடுவோம். அதாவது, அவர்கள் ஹாலில் கூடுவார்கள், நான் சமையலறையில் கூடுவேன். என் மூத்த ஓர்ப்படிக்கு அடுப்புச் சூடு ஒத்துக்கொள்ளாது. டாக்டரே சொல்லியிருக்கிறாராம், எந்த டாக்டர் என்று கேட்கக் கூடாது. மாமியாருக்கு முழங்கால் வலி, அது நிஜம். என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நடு மாடியில் மாட்டிக்கொண்ட லிஃப்டுக்குள் இருப்பவர்களை வெளியே கொண்டுவருவதில் கெட்டிக்காரர். சமையலறையில் மாட்டிக்கொண்டவள் மட்டும் அவர் கண்ணில் படுவதில்லை.

பெரிய அத்தான், அதாவது ஓர்ப்படியின் கணவர், இன்சூரன்ஸ் கம்பெனியில் மேலாளர். வீட்டில் அவருக்கு நான் வைத்த பெயர் அட்டவணை. ஒரு கல்யாணத்துக்குப் போவதென்றால்கூட யார் முதலில் குளிப்பது, யார் எந்தக் காரில் ஏறுவது என்று போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். பள்ளி விடுமுறைக்குக் குடும்பமாக எங்காவது போகலாம் என்று பேச்சு வந்ததும் இடத்தைப் பிடித்தவரும் அவர்தான்.

ஊருக்கு வெளியே பழைய காலப் பண்ணை ஒன்று இருக்கிறது. நூறு வருஷத்துக்கு முன் பண்ணை எப்படி நடந்ததோ, அப்படியே இன்றைக்கும் நடத்திக் காட்டுகிறார்கள். மாடு, குதிரை, உழவு, விறகடுப்பு எல்லாம் நிஜம். சும்மா சுற்றிப் பார்த்துவிட்டும் வரலாம். முன்பதிவு செய்தால் ஒரு குடும்பம் ஒரு நாள் முழுக்க அந்தப் பண்ணை வீட்டில் வாழலாம். ஆளுக்கொரு வேஷம், வேஷத்துக்கேற்ற உடுப்பு, உடுப்புக்கேற்ற வேலை. குதிரைக்காரர் வேஷம் என்றால் குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டி ஓட்டிப் பார்க்கலாம். வண்டியோட்டி வேஷம் என்றால் பண்ணை வண்டியை ஓட்டலாம். சமையலாள் வேஷம் என்றால் விறகடுப்பில் அத்தனை பேருக்கும் மதியச் சாப்பாடு சமைத்தே ஆக வேண்டும்.

எனக்கே ஆசையாகத்தான் இருந்தது, அத்தானின் வேஷப் பங்கீடு வாட்ஸ்அப்பில் வருகிற வரைக்கும்.

பெரிய அத்தான் பண்ணை முதலாளி. ஓர்ப்படி முதலாளியம்மா. மாமியார் பெரிய முதலாளியம்மா. அத்தானின் பையன்கள் இரண்டு பேரும் குதிரைக்காரர்கள். என் வீட்டுக்காரர் விருந்தாளி. அவருக்குப் பக்கத்தில், "வேலை: ஓய்வெடுப்பது" என்று வேறு போட்டிருந்தது. நான் சமையலாள். "கைவந்த கலை என்பதால்" என்று எழுதி, ஒரு சிரிப்புப் பொம்மையும் ஒட்டியிருந்தார். கடைசியில் என் மகள், சமையலாளுக்கு எடுபிடி.

வீட்டுக்காரரிடம் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். "எனக்கு நல்ல வேஷம்தான்" என்றார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பைச் சுருட்டிக்கொண்டு, "ஒரு நாள்தானே, விடு. அண்ணன்கிட்ட போய் இதுக்கெல்லாம் மல்லுக்கட்டணுமா?" என்றார். நானும் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். விட்டு விட்டுத்தானே பழக்கம்.

விடாமல் செய்தது வாலு. மகளுக்கு நாங்கள் வைத்த பெயர் அது, பொருத்தமான பெயர்தான். குளிக்கச் சொன்னால் ஏன் என்று கேட்பாள், தூங்கச் சொன்னால் நியாயம் பேசுவாள். மறுநாள் மாலை நான் வேலை முடிந்து வந்தபோது, அவள் பாத்திரம் தேய்க்கும் நாரைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, பண்ணைக்கு இதை எடுத்துட்டுப் போலாமா? அங்க பாத்திரமெல்லாம் பெருசா இருக்குமாம். இது போதுமா?"

"உனக்குக் குதிரை ஓட்ட வேண்டாமாடி?"

"அது அண்ணனுங்களுக்கு. நாம கிச்சன் ஆளுங்கதானேம்மா."

கோபமே இல்லாமல் சொன்னாள். எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி கேட்கிற பிள்ளை, இதற்கு மட்டும் ஒரு கேள்வி கேட்கவில்லை. யாரும் அவளுக்கு உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. ஞாயிறு தவறாமல் சமையலறை வாசலில் நின்று என்னைப் பார்த்தே படித்திருக்கிறாள். எனக்கு அன்றைக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. என்னை என்ன வேண்டுமானாலும் ஆக்கிக்கொள்ளட்டும், என் பெண்ணை எடுபிடி ஆக்க விடமாட்டேன் என்று நாரைப் பிடுங்கி அலமாரியில் எறிந்தேன்.

அந்த ஞாயிறு மாமியார் வீட்டில் பண்ணைப் பயணத் திட்டக் கூட்டம். ஹாலில் பெரிய அத்தான் பேசிக்கொண்டிருந்தார். நான் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தேன்.

"எனக்கு வண்டியோட்டி வேஷம் வேணும் அத்தான்" என்று அங்கிருந்தே சொன்னேன். யார் காதிலும் விழவில்லை. சத்தமாக இன்னொரு தடவை சொன்னேன். "டீ ஆயிடுச்சா?" என்று பதில் வந்தது.

பால் பொங்கி வருகிற நேரம். அடுப்பை அணைத்தேன். ஹாலுக்குப் போய், வீட்டுக்காரரை நகரச் சொல்லிவிட்டு சோபாவில் உட்கார்ந்தேன். நான் அந்த சோபாவில் உட்கார்ந்து வெகு காலம் ஆகிறது, இவ்வளவு மெத்தென்று இருக்கும் என்பதே மறந்து போயிருந்தது.

"டீ எங்கம்மா?" என்றார் பெரிய அத்தான்.

"பாதியில நிக்குது. முதல்ல இதைப் பேசிடலாம். நானும் என் பொண்ணும் சமையலாள் வேஷம் போட மாட்டோம். எனக்கு வண்டியோட்டி வேஷம் வேணும்."

மாமியார் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். அதுவே பெரிய விஷயம்.

"இது நாடகம் இல்லம்மா, வரலாறு" என்றார் அத்தான். வாடிக்கையாளரிடம் பேசுகிற குரல். "அந்தக் காலத்துல பொம்பளைங்க வண்டி ஓட்டல. அப்படியே தத்ரூபமா இருக்கணும். அதுதான் அந்தப் பண்ணையோட விசேஷமே."

"தத்ரூபமாவே இருக்கட்டும். உங்க மூக்குக்கண்ணாடியக் கழட்டி வச்சிட்டு வாங்க. அந்தக் காலத்துல பிரஷர் மாத்திரை இல்ல, அதையும் எடுத்துட்டு வராதீங்க. முதலாளி விடியறதுக்கு முன்னாடியே தொழுவத்துல நிக்கணுமாம், அவங்க வெப்சைட்ல போட்டிருக்கு. நீங்க எழுந்திருச்சு நிப்பீங்களா?"

ஓர்ப்படி இருமினாள். அது இருமல் இல்லை, சிரிப்பு என்று எனக்குத் தெரியும். அத்தானின் முகத்தில் ஈயாடவில்லை.

"சரி, அப்போ சமைக்கிறது யாரு?" என்றார்.

ஓர்ப்படி தன் வளையலைப் பார்த்தாள். என் வீட்டுக்காரர் போனைப் பார்த்தார், அதில் ஒன்றுமே இல்லை, திரை இருட்டாக இருந்தது. பையன்கள் மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தார்கள்.

"ஒரு நாள்தானே, இதுக்கு ஏன் இவ்வளவு?" என்றார் மாமியார்.

"நானும் அதைத்தான் சொல்றேன் அத்தை. ஒரு நாள்தானே."

வாலு சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கிளம்பு என்றேன். அவள் செருப்பை மாட்டுவதற்குள் அத்தான், "உனக்காகத் திட்டத்தை மாத்த முடியாது" என்று பின்னாலிருந்து சொன்னார். "மாத்த வேண்டாம், நடத்துங்க" என்றேன். வீட்டுக்காரர் எழுந்திருக்கலாமா வேண்டாமா என்று பாதி எழுந்த நிலையிலேயே இருந்தார். அன்றைக்கு அந்த வீட்டில் யார் டீ போட்டார்கள், குடித்தார்களா இல்லையா, நான் விசாரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்த கையோடு பண்ணைக்குப் போன் போட்டேன். எடுத்தது ஒரு பெண்.

"எத்தனை பேர் மேடம்?"

"நானும் என் பொண்ணும். குடும்பமா பதிவு பண்ணணும்."

ரெண்டு பேர்தானா என்று கேட்கப் போகிறாள், நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேட்டுவிடலாம் என்று தயாராக இருந்தேன். அவளோ, "தாராளமா வாங்க. தோட்டத்துப் பக்கம் தனியா ஒரு குடியானவர் வீடு இருக்கு. அதுக்கு ஒரு குதிரையும் உண்டு, கிழட்டுக் குதிரை, பரவாயில்லையா?" என்றாள். கட்டி வைத்திருந்த கோபத்தை என்ன செய்வதென்று தெரியாமல், பரவாயில்லை என்றேன்.

தேதி கேட்டாள். பெரிய அத்தான் பதிவு செய்திருந்த அதே நாளைச் சொன்னேன். வேறு நாள் போனால் பயந்து ஒளிந்ததாக ஆகிவிடும். அவர்கள் பார்க்கட்டும் என்றுதான் போகிறேன்.

பதிவான செய்தியைக் குடும்பக் குழுவிலும் போட்டேன். அப்புறம் ஓர்ப்படி எனக்குத் தனியாகக் கட்டைவிரல் பொம்மை ஒன்றை அனுப்பினாள், அடுத்த நொடியே அழித்துவிட்டாள். சமையலாள் வேஷம் அவள் தலையில்தான் விழுந்திருக்க வேண்டும். பாவம்தான். ஆனால் அவள் தலையில் விழுந்ததை அவள்தான் தட்டிவிட வேண்டும், அதற்கும் நான் வர முடியாது.

சாப்பாட்டு மேஜையில் வாலுவும் நானும் தாளும் பென்சிலுமாக எங்கள் பண்ணையை அமைக்க உட்கார்ந்தோம். அவள் முதலாளியும் ஆனாள், குதிரைக்காரியும் ஆனாள். இரண்டு வேஷம் ஒரே ஆள் போடலாமா என்று கேட்டேன். "என் பண்ணை, நான் போடுவேன்" என்றாள். பழைய வாலு திரும்பி வந்துவிட்டாள்.

"அம்மா, நீ வண்டி ஓட்டறியா?"

"வாரம் முழுக்க வண்டியிலதான் கிடக்கிறேன்."

"அப்போ உனக்கு என்ன வேணும்?"

அப்படி என்னை யாரும் கேட்டதில்லை.

"விருந்தாளி."

"ஐயோ, அது அப்பா வேஷம்!"

"அது பெரியப்பா பண்ணையில. இது உன் பண்ணை."

அவள் பென்சிலைக் கடித்தாள். "அப்போ சாப்பாடு?"

"அது முதலாளி கவலை. விருந்தாளிகிட்ட கேட்கக் கூடாது."

வீட்டுக்காரர் வரும்போது விளக்கு வைத்தாகிவிட்டது. அண்ணனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்று நடையிலேயே தெரிந்தது. என்னிடம் ஏதோ சொல்ல வந்தார். மேஜையில் இருந்த எங்கள் வேஷப் பட்டியலைப் பார்த்ததும் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டார். இரண்டு பெயர்தான் அதில் இருந்தது. குனிந்து தேடினார்.

"நான் எங்க இருக்கேன்?"

"பெரியப்பா பண்ணையில" என்றாள் வாலு.

"நான் உங்க கூட வரலாம்னு..." என்று இழுத்தார். உண்மையாகத்தான் சொன்னார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஒரே ஒரு இடம்தான் காலியா இருக்குப்பா. சமையலாள்."

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"எனக்குச் சமைக்கத் தெரியாதேடா."

"அம்மா பக்கத்துல நின்னு சொல்லித் தருவாப்பா. அதானே அம்மா வேலையே!"

மேஜைக்கு அடியில் என் வலது கால் தானாகப் பிரேக்கைத் தேடித் தரையை அழுத்தியது.

"மாட்டா" என்றேன். "அம்மா விருந்தாளி. பசிச்சா, சாப்பாடு எப்போன்னு கேப்பா. அவ்வளவுதான்."

அவர் நின்றார். தலையைச் சொறிந்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "இன்னைக்கே பழகிப் பார்க்கறேன்" என்று சமையலறைக்குள் போனார். ஒவ்வோர் அலமாரியாகத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. ஏதோ ஒரு மூடி கீழே விழுந்து உருண்டது.

"உப்பு எங்க இருக்கு?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

வாலு சட்டென்று எழுந்தாள். உப்பு இருக்கிற இடம் அவளுக்குத் தெரியும், அவள் வைத்த இடம்தான். இரண்டடி வைத்தவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் நாற்காலியில் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டேன். அவள் மெதுவாக வந்து, மறுபடி நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"தேடிப் பாருங்கப்பா!" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினாள்.