கோட்டுக்கு வெளியே அப்பா

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. விளாத்திகுளம் பஸ் ஸ்டாண்டில் காதில் விழுந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் என் சட்டையைப் பிடிக்கக் கூடாது.

தொண்ணூற்றொன்பது, சித்திரை மாதம். மண்டையைப் பிளக்கிற வெயில். கோவில்பட்டி பஸ்ஸிலிருந்து ஒரு மனிதரும் ஒரு பெண்பிள்ளையும் இறங்கினார்கள். அவள் கையில் ஹாக்கி மட்டை, மேலே பள்ளிக்கூடத்து டீம் பனியன். இறங்கியதும் அவள் கேட்டாள்:

"இப்பம் அப்பான்னு கூப்பிடலாமா?"

அந்த மனிதர் குனிந்து தரையைப் பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், செருப்புக்காலால் மண்ணைத் தள்ளிவிட்டும் பார்த்தார். எதையோ கீழே தவறவிட்டு விட்டாரோ என்று நானும் சேர்ந்து பார்த்தேன். பிறகுதான் "கூப்பிடு" என்றார்.

அவள் கூப்பிடவில்லை. அதற்குள் நாகலாபுரம் பஸ் வந்துவிட்டது, ஏறிப் போய்விட்டார்கள். எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் நான் இட்டுக்கட்டியது. அப்படித்தான் போன வாரம்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

2

பெற்ற பிள்ளைகளுக்கே கோச்சாக இருக்கும் அப்பாக்களைப் பற்றி ஒரு கதை வேண்டும் என்று ஒரு பத்திரிகையில் கேட்டார்கள். கால்பந்தாக இருந்தால் நல்லதாம். கோவில்பட்டிக்காரனிடம் வந்து கால்பந்தா! எங்கள் ஊரில் பிள்ளை நடை பழகும்போதே கையில் மட்டையைக் கொடுத்துவிடுவார்கள். "ஹாக்கி என்றால் எழுதுகிறேன், இல்லையென்றால் ஆளை விடுங்கள்" என்றேன். ஆளை விட்டிருக்கலாம்.

முதல் தொடக்கம்: "கரிசல் மண்ணின் வெடிப்புகளில் கோடை தன் நாக்கை நீட்டி—"

அடித்துவிட்டேன். கோடைக்கு ஏது நாக்கு?

இரண்டாவது தொடக்கம்: "சண்முகராஜ் தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றில் சூப்பர்வைசர். காலையிலும் சாயங்காலமும் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்து ஹாக்கி டீமுக்குக் கோச். அதற்குச் சம்பளம் கிடையாது. பத்தாம் வகுப்புப் படிக்கும் அவருடைய மகள் வள்ளிமயில் அந்த டீமில் சென்டர் பார்வர்டு."

சப்பென்றுதான் இருக்கிறது. ஆனால் பொய் இல்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

3

மகளை டீமில் எடுத்தால் ஊர் சும்மா இருக்குமா? அந்த இடத்துக்குத் தங்கமாரி என்று இன்னொரு பிள்ளையும் ஆசைப்பட்டாள். அவளுடைய அப்பா பரமசிவன் டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் கேட்டுவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, சொந்தப் பிள்ளை அடிச்சா பந்து தானாவே கோலுக்குள்ள போயிருமோ?"

சண்முகராஜ் பாதி டீயோடு கிளாஸை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். மறுநாள் விடிந்ததும் சட்டி நிறையச் சுண்ணாம்புப் பொடியை அள்ளிக்கொண்டு போய் கிரவுண்டைச் சுற்றிக் கோடு போட்டார். மகளைக் கோட்டருகே நிறுத்தினார்.

"ஏட்டி, நல்லாக் கேட்டுக்கோ. கோட்டுக்கு உள்ள நான் சார். வெளியதான் அப்பா. உள்ள நின்னு அப்பான்னு கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்."

"மறந்து கூப்பிட்டுட்டா?"

"மறக்காத."

நியாயமான மனிதர். அதில் மட்டும் சந்தேகம் வேண்டாம். (கெட்டவராக எழுதியிருந்தால் எனக்கு வேலை சுலபம். அவர் அப்படி வரவில்லை.) வள்ளிமயிலுக்கும் இது முதலில் விளையாட்டாகத்தான் இருந்தது. பயிற்சி முடிந்ததும் கோட்டை ஒரே தாவலில் தாண்டி, "எப்பா! கடலைமிட்டாய்!" என்று கத்துவாள். அதுவரை விறைத்துக்கொண்டு நின்றவர் அந்தச் சத்தம் கேட்டதும் சிரித்துவிடுவார். சைக்கிள் கேரியரில் அவளை உட்காரவைத்து, பேசிக்கொண்டே கடைக்கு மிதிப்பார். எழுதும்போது எனக்கே பொறாமையாக இருந்தது.

4

கதை என்றால் ஏதாவது நடக்கவேண்டுமே. அதனால் அவளுடைய வலது முட்டியில் ஒரு வலியை வைத்தேன்.

பயிற்சியில் கீழே விழுந்தாள். முட்டி வீங்கியது. மடக்கினால் உள்ளே ஏதோ இடம் மாறி நழுவியது. ஜில்லா டீம் செலக்சன் நெருங்கிவிட்டது. இந்தக் காலோடு அங்கே ஓடினாள் என்றால் அப்புறம் ஆயுசுக்கும் அவள் நேராக நடக்க மாட்டாள். இது எனக்குத் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும். அவருக்குத் தெரியாது.

சாரிடம் சொல்லிப் பார்த்தாள்.

"சார், முட்டி வலிக்கி."

"செலக்சன் வந்தா எல்லாத்துக்கும் வலிக்கத்தான் செய்யும். ஓடு, சரியாப் போயிரும்."

தங்கமாரி சொல்லியிருந்தால் உட்கார வைத்திருப்பார். இவள் மகளாயிற்றே, ஊர் பார்க்கிறதே! ஆகவே இதை அப்பாவிடம்தான் சொல்லவேண்டும். கோட்டைத் தாண்டினால் ஆயிற்று. நான் எழுதினேன்: "கோடு வேப்பமரத்துக்கு இந்தப் பக்கமே முடிந்துவிடும். அவள் நொண்டிக்கொண்டே மரத்தடிக்கு வந்தாள். 'எப்—'"

பேனா அங்கேயே நின்றுவிட்டது. வேப்பமரம் கோட்டுக்கு உள்ளே இருந்தது.*

* முதல் பிரதியை எடுத்துப் பார்த்தேன். அதில் மரம் வெளியேதான் இருக்கிறது, என் கையெழுத்துத்தான். இரண்டாவது பிரதியில் உள்ளே இருக்கிறது. அதுவும் என் கையெழுத்துத்தான். நான் மாற்றவில்லை. சத்தியமாக மாற்றவில்லை.

5

சரி, மரம் போனால் போகிறது என்று அவளை சைக்கிள் நிற்கும் இடத்துக்கு நடத்திப் போனேன். கோடு சைக்கிளைத் தாண்டியிருந்தது. கேட்டுக்குப் போனேன். கோடு கேட்டைத் தாண்டி ரோட்டில் கிடந்தது. லாரி ஏறியும் அழியவில்லை. டீக்கடைப் பெஞ்சுக்கு அடியில் வெள்ளையாக ஓடியது. பெஞ்சில் பரமசிவன் காலை ஆட்டிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"சார், இந்தக் கோடு நேத்து அங்கன இருந்துச்சே?" என்று வள்ளிமயில் திரும்பிப் போய்க் கோச்சிடம் கேட்டாள்.

"கோடு போட்ட எடத்துலதான் இருக்கு. நீதான் பந்தப் பாக்காமத் தரையப் பாத்துக்கிட்டு அலையுத."

எனக்கு ஆத்திரம் வந்தது. இங்கே எழுதுகிறவன் நானா, இந்தச் சுண்ணாம்பா? ஒரு கோடை மழையைக் கொண்டுவந்தேன். நல்ல மழை, கஞ்சத்தனம் பார்க்கவில்லை. சரளைக்கு அடியிலிருந்து கரிசல் குழைந்து மேலே வந்து செருப்போடு அப்பியது. கோடு நெடுக மண்ணில் இருந்த வெடிப்புகள் மூடிக்கொண்டன. மழை விட்டதும் பார்த்தால், கன்னங்கரேலென்ற சகதியில் கோடு முன்பைவிடப் பளிச்சென்று கிடக்கிறது. சுண்ணாம்பு கரையாதா? கரையவேண்டும் இல்லையா? நீங்களே சொல்லுங்கள்.

6

ஆண்பிள்ளைகளை நம்பிப் பயனில்லை என்று அம்மாவைக் கொண்டுவந்தேன். ஆறுமுகத்தாய். வாயுள்ள பெண். புருஷனை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கட்டும் என்றுதான் அவளை எழுதினேன்.

காலையில் கோலம் போட வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தெளித்த தண்ணீர் இன்னும் காயவில்லை. அதன்மேல் ஒரு நேர்கோடு கிடந்தது. கோலம் போடத் தெரியாத யாரோ போட்டதுபோல. அது வாசற்படியை ஒட்டி வீட்டையே சுற்றிக்கொண்டு போயிற்று. வீடு உள்ளே இருந்தது.

"ஏங்க, கிரவுண்டு இங்கன வரைக்கும் வந்துட்டா?"

அவர் உள்ளே கான்வாஸ் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அடுத்து அவள் சொல்லவேண்டியது: "பிள்ளைக்கு முட்டி வீங்கிக் கெடக்கு, மொதல்ல அதப் பாருங்க." அதைத்தான் எழுதக் குனிந்தேன். தாளில் வந்தது இது:

"சார், சோறு வச்சிருக்கேன்."

அடித்தேன். மறுபடி எழுதினேன். மறுபடியும் அதேதான் வந்தது. சொல்லிவிட்டு அவள் தலையைக் குனிந்துகொண்டு ஓரமாக ஒதுங்கி நின்றாள். அப்படி நிற்கிற பெண்ணே இல்லை அவள்.

சாப்பிட உட்கார்ந்தார்கள். வள்ளிமயிலுக்குக் காலை மடக்க முடியவில்லை, நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது. அவள் துணிந்துவிட்டாள்.

"எப்பா."

சண்முகராஜ் தலையை நிமிர்த்தினார். அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார்.

"ஒங்கப்பா வந்திருக்காரா? எங்க, வெளியவா நிக்காரு? உள்ள வரச் சொல்லு, தாயி."

கேலி என்று நினைத்தால் தப்பு. படைத்தவன் சொல்கிறேன், அவர் முகத்தில் கேலி இல்லை. வீட்டுக்கு வந்தவரை வாங்க என்று சொல்லக் காத்திருக்கிற முகம் அது. கை கழுவக்கூட எழுந்துவிட்டார். வள்ளிமயில் பயந்துபோனாள். நானும்தான்.

7

(இந்தப் பகுதியை எடுத்துவிடலாம் என்று இருந்தேன்.)

மத்தியானம் மேஜையிலிருந்து எழுந்து நடந்தபோது என் மனைவி விஜி தரையைக் காட்டினாள். "காலு பூரா என்ன அது, சுண்ணாம்பா? இப்பந்தான் கூட்டிவிட்டேன்." உள்ளங்காலைத் தூக்கிப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது. நாங்கள் வெள்ளையடித்துப் பல வருஷமாகிறது.

கழுவிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தேன். அடுப்படியிலிருந்து அவள் குரல் கேட்டது.

"என்ன சார், சாப்பிட வரலையா?"

விஜி கேலிக்குச் சொல்வதுதான். முன்பும் இப்படிச் சொல்லியிருக்கிறாள் என்று நினைக்கிறேன். சொல்லியிருப்பாள்.

8

முடிவுகள்.

அ. அவள் செலக்சனில் விளையாடுகிறாள், ஜெயிக்கிறாள், ஊர் கைதட்டுகிறது. இதை எழுத மாட்டேன். அந்த முட்டியை வைத்தவன் நான்.

ஆ. அவர் பார்த்துவிடுகிறார். இதை எழுதினேன், ஆசை ஆசையாக எழுதினேன். அவர் மண்டியிட்டு அவள் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொள்கிறார். "ஏன் தாயி எங்கிட்டச் சொல்லல?" என்று அழுகிறார். அவளும் அழுகிறாள். அப்புறம் கடலைமிட்டாய். மறுநாள் எடுத்துப் பார்த்தால் அந்தப் பத்தி முழுக்க அடிக்கப்பட்டிருந்தது. நான் அடித்தால் நீல மையில் அடிப்பேன். இது வெள்ளை. விரலால் தொட்டால் பொடி ஒட்டியது.

இ. கோடு எங்கேயாவது முடியத்தானே வேண்டும்? அந்த இடத்தைத் தேடி அவளே கிளம்புகிறாள்.

இதை மட்டும் யாரும் அடிக்கவில்லை.

9

செலக்சன் அன்று காலையில், மட்டையை ஊன்றிக்கொண்டு வள்ளிமயில் நடக்கிறாள். எட்டயபுரம் தாண்டியாயிற்று. எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கம், பருத்தி பறித்து முடிந்து வெறும் மாராகக் காய்ந்து நிற்கும் காடு. ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. கோடு எப்போதும் அவளுக்குக் கொஞ்சம் முன்னால் கிடக்கிறது. கிட்டப் போனால் தள்ளிப் போகிறது. பின்னால், தூரத்தில், விசில் சத்தம் கேட்கிறது. அவர்தான். வராத பிள்ளையைத் தேடி வருகிற கோச். தங்கமாரி வராவிட்டாலும் தேடித்தான் வந்திருப்பார்.

விளாத்திகுளத்தில் அந்த மனிதர் குனிந்து எதைத் தேடினார் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அங்கே அவர் கண்ணில் கோடு படவில்லை. அதனால் "கூப்பிடு" என்றார். அந்தப் பிள்ளை அன்றைக்கே கூப்பிட்டிருக்கலாம். ஏன் தாயி கூப்பிடாமல் விட்டாய்?

அவளுக்கு அப்பா வேண்டும். வேறொன்றும் வேண்டாம். "வலிக்கி" என்று சொன்னால் "எங்க, காட்டு" என்று கேட்கிற ஒரு ஆள் வேண்டும். நானே கேட்டிருப்பேன். ஆனால் நான் கோவில்பட்டிக்காரன், என் வீடு, மேஜை, என் உள்ளங்கால் எல்லாம் கோட்டுக்கு உள்ளே போய்விட்டன. நான் கேட்டால் அவள் காதில் "ஓடு" என்றுதான் விழும். பயமாக இருக்கிறது.

நீங்கள் எந்த ஊரோ. கொஞ்சம் தூரமாகத்தான் இருப்பீர்கள்.

காடு முடிந்து அவள் தாளின் ஓரத்துக்கு வந்துவிட்டாள். நீங்கள் பிடித்திருக்கிற இடம்தான், உங்கள் கட்டைவிரலுக்குப் பக்கத்தில். முட்டி பானைபோல வீங்கியிருக்கிறது. இதற்குமேல் அவளால் ஓரடி எடுத்துவைக்க முடியாது. விசில் கிட்டத்தில் கேட்கிறது. அவள் நிமிர்ந்து உங்களைப் பார்க்கிறாள்.

"இப்பம் அப்பான்னு கூப்பிடலாமா?"

கீழே பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.